மெரிவெதர் லூயிஸ்

மெரிவெதர் லூயிஸ் (ஆகஸ்ட் 18, 1774 – அக்டோபர் 11, 1809) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த படை அதிகாரியும், நாடாய்வுப் பயணியும், ஆளுநரும் ஆவார். 1804 முதல் 1806 வரை மிசிசிப்பி ஆற்றங்கரையிலிருந்து பசிபிக் பெருங்கடல் வரை சென்று திரும்பிய பயணக்குழுவை வில்லியம் கிளார்க்குடன் இணைந்து நடத்தியவர். இப்பயணம் இருவர் பெயராலும் லூயிஸ் கிளார்க் பயணம் என அறியப்படுகிறது. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழும் கிரிஸ்லி கரடியை (கொடுங்கரடி) நேரில் கண்டு விரிவாக எழுதிவைத்த முன்னோடிகளுள் இவர் முதன்மையானவர். இக்கரடிகளிடமிருந்து தம் குழுவினரைக் காப்பதற்கு இவர் தேர்ந்தெடுத்த துப்பாக்கிகள் எந்த அளவுக்குப் பயன்பட்டன என்பது இவரது நாட்குறிப்பின் சுவையான பகுதிகளுள் ஒன்றாகும்.

இளமை

லூயிஸ் வர்ஜீனியா மாநிலத்தின் ஆல்பமார்ல் மாவட்டத்தில் லோக்கஸ்ட் ஹில் என்னும் பண்ணையில் பிறந்தார். தந்தை வில்லியம் லூயிஸ் 1779 இல் இறந்தார். தாய் லூசி மறுமணம் செய்துகொண்ட பின்னர் குடும்பம் சில ஆண்டுகள் ஜார்ஜியாவில் வாழ்ந்தது. தாயார் மூலிகை மருத்துவம் அறிந்தவர். செடிகொடிகளை உற்றுநோக்கும் பழக்கம் மகனுக்கு அவரிடமிருந்து வந்தது எனலாம். எட்டு வயதிலேயே நாய்களை அழைத்துக்கொண்டு இரவில் தனியாக வேட்டைக்குச் செல்வார் என்று, இவரது குடும்பத்தை அறிந்த தாமஸ் ஜெபர்சன் பிற்காலத்தில் எழுதியுள்ளார்.

1794 இல் விஸ்கி வரியை எதிர்த்து நடந்த கிளர்ச்சியை அடக்கச் சென்ற குடிப்படையில் சேர்ந்த லூயிஸ், அடுத்த ஆண்டு முறையான படையில் இணைந்தார். அங்குச் சிறிது காலம் வில்லியம் கிளார்க்கின் ரைபிள் படைப்பிரிவில் பணியாற்றினார். பின்னாளைய கூட்டுத் தலைமைக்கு இந்த அறிமுகமே அடித்தளம். 1801 இல் குடியரசுத் தலைவரான ஜெபர்சன் இவரைத் தம் தனிச்செயலாளராக அமர்த்திக்கொண்டார்.

பயண ஏற்பாடுகள்

ஜனவரி 1803 இல் ஜெபர்சன் மேற்குப் பயணத்துக்காக 2,500 டாலர் ஒதுக்குமாறு காங்கிரஸ் அவையை இரகசியமாகக் கேட்டார். அவ்வாண்டு ஏப்ரல் மாதம் லூசியானா நிலப்பரப்பு பிரான்சிடமிருந்து வாங்கப்பட்டபோது, பயணத்தின் தேவை மேலும் கூடியது. லூயிஸ் பிலடெல்பியா நகருக்கு அனுப்பப்பட்டு அங்கிருந்த அறிஞர்களிடம் மருத்துவம், தாவரவியல், தொல்லுயிரியல், வானியல் அளவீடு ஆகியவற்றைச் சில வாரங்களில் கற்றார்.

ஆனால் இவர் முதலில் சென்ற இடம் பிலடெல்பியா அன்று. ஹார்ப்பர்ஸ் பெர்ரியில் இருந்த அரசுப் படைக்கலத் தொழிற்சாலை. அங்கு 15 ரைபிள்களையும், குண்டு வார்க்கும் அச்சுகளையும், கத்திகளையும், உதிரிப் பாகங்களையும் பெற்றார். இந்த ரைபிள்கள் எந்த மாதிரியைச் சேர்ந்தவை என்பது குறித்து ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1803 மாதிரி என்று பழைய நூல்கள் கூறுகின்றன. 1792 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி செய்யப்பட்டவற்றைக் குறுக்கிச் சீரமைத்தவை என்பது மற்றொரு சாராரின் கருத்து. எவ்வாறாயினும் இவை ஏறத்தாழ அரை அங்குல விட்டமுள்ள உருண்டை ஈயக் குண்டை எறியக்கூடிய, ஒரே குழலுடைய, ஒரு முறைக்கு ஒரு குண்டு மட்டுமே சுடும் துப்பாக்கிகள்.

இவற்றைத் தவிர குழுவில் இருந்த படைவீரர்களிடம் புரிகள் அற்ற குழலுடைய மஸ்கட் துப்பாக்கிகளும் இருந்தன. பெரிய படகில் ஒரு சிறு பீரங்கி பொருத்தப்பட்டது. லூயிஸ் தமக்கெனக் கைத்துப்பாக்கிகளையும், எஸ்பொன்டூன் எனப்படும் ஆளுயர ஈட்டி ஒன்றையும் வைத்திருந்தார். அக்காலத்துப் படை அதிகாரிகள் பதவிச் சின்னமாக ஏந்திய இந்த ஈட்டியை லூயிஸ் ஊன்றுகோலாகவும், துப்பாக்கிக் குழலைத் தாங்கிக் குறிபார்க்கும் முட்டாகவும் பயன்படுத்தினார்.

மேலும் ஒரு காற்றுத் துப்பாக்கியும் உடன் சென்றது. அழுத்தப்பட்ட காற்றினால் இயங்கிய இது, மீண்டும் நிரப்பாமலேயே இருபது குண்டுகள் வரை அடுத்தடுத்துச் சுடக்கூடிய ஜிராண்டோனி வகையைச் சேர்ந்தது என இன்று பலரும் கருதுகின்றனர். பயணம் தொடங்கிய நாளான ஆகஸ்ட் 31, 1803 அன்று பிட்ஸ்பர்க் அருகே பார்வையாளர் ஒருவர் கையில் இது தவறுதலாக வெடித்து ஒரு பெண்ணின் நெற்றிப் பொட்டில் காயம் ஏற்படுத்தியது. நல்வேளையாக அவர் பிழைத்தார். வழியில் சந்தித்த பழங்குடியினரை வியக்கவைக்கவே லூயிஸ் பெரும்பாலும் இதனைப் பயன்படுத்தினார்.

ஏற்பாடுகளுள் மிகவும் பாராட்டத்தக்கது வெடிமருந்துக் குப்பிகளின் வடிவமைப்பாகும். வெடிமருந்தை மரப்பீப்பாயில் கொண்டுசென்றால் ஆற்றுப் பயணத்தில் ஈரம் புகுந்துவிடும். எனவே லூயிஸ் ஈயத்தால் 52 குப்பிகள் செய்வித்தார். ஒவ்வொன்றும் நான்கு பவுண்டு மருந்து கொள்ளும். குப்பியின் எடை எட்டுப் பவுண்டு. மருந்து தீர்ந்ததும் காலிக் குப்பியை உருக்கினால், அந்த மருந்துக்குத் தேவையான குண்டுகள் கிடைத்துவிடும். கொள்கலனே சரக்காகவும் ஆகிற இந்த ஏற்பாட்டில் வீண் சுமை என்று எதுவும் இல்லை. ஆற்றில் பலமுறை நனைந்தும் பெரும்பாலான குப்பிகளில் மருந்து கெடாமல் இருந்தது.

உதிரிப் பாகங்களும் அவ்வாறே. குழுவில் இருந்த கொல்லர் ஜான் ஷீல்ட்ஸ் பழுதான துப்பாக்கிகளை வழியிலேயே சரிசெய்தார். உதிரி விசைப் பொறிகளும் ஷீல்ட்ஸின் கைத்திறனும் இல்லாதிருந்தால் பெரும்பாலான துப்பாக்கிகள் பயனற்றுப் போயிருக்கும் என்று மார்ச் 1806 இல் லூயிஸ் பதிவு செய்துள்ளார்.

துப்பாக்கியின் எல்லை

பின்வரும் நிகழ்ச்சிகளைப் புரிந்துகொள்ள அக்காலத் துப்பாக்கியின் இயக்கத்தை அறிந்துகொள்வது அவசியம். ரைபிளைச் சுடுபவர் முதலில் அளந்த மருந்தைக் குழலின் வாய் வழியாகக் கொட்ட வேண்டும். பின் எண்ணெய் தடவிய துணித்துண்டில் குண்டை வைத்துக் கோலால் அடிவரை இடிக்க வேண்டும். அதன்பின் பக்கவாட்டுக் கிண்ணியில் சிறிது மருந்தை இட்டுச் சுத்தியலை இழுத்து வைக்க வேண்டும். விசையை அழுத்தினால் சக்கிமுக்கிக் கல் எஃகில் உரசிப் பொறி பறக்கும். கிண்ணியில் ஈரம் இருந்தால் மருந்து பற்றிக்கொள்ளாது. கைதேர்ந்தவருக்கும் இத்தனைக்கும் அரை நிமிடமாவது ஆகும். கிரிஸ்லி கரடி மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியது. அதாவது அரை நிமிடத்தில் சுமார் 400 மீட்டர். முதல் குண்டு தவறினால் இரண்டாவது குண்டுக்கு நேரம் இல்லை என்பதே இந்தக் கணக்கின் பொருள்.

வர்ஜீனியாவின் கருங்கரடிகளை அறிந்திருந்த லூயிஸுக்கு இந்தக் கணக்கு முதலில் உறைக்கவில்லை. கருங்கரடி பெரும்பாலும் மனிதனைக் கண்டால் ஓடிவிடும்.

மாண்டன் மக்களின் எச்சரிக்கை

மே 14, 1804 அன்று புறப்பட்ட குழு மிசௌரி ஆற்றை எதிர்த்துச் சென்று, இன்றைய வடக்கு டகோட்டாவில் மாண்டன், ஹிடாட்சா மக்களின் ஊர்களுக்கு அருகே குளிர்காலத்தைக் கழித்தது. அதற்குச் சற்று முன்னரே, அக்டோபர் 20 அன்று, படகோட்டியான பியர் குருசாட் ஒரு கிரிஸ்லியைச் சுட்டுக் காயப்படுத்திவிட்டு, அச்சத்தில் துப்பாக்கியையும் கைக்கோடரியையும் அங்கேயே விட்டுவிட்டு ஓடிவந்தார்.

இக்கரடியைப் பற்றி ஊர் மக்கள் கூறியவற்றை லூயிஸ் எழுதிவைத்தார். ஆறு முதல் பத்துப் பேர் வரை சேர்ந்தே அவர்கள் இதனை வேட்டையாடச் செல்வர். அப்போதும் பலமுறை ஒருவரை இழந்து திரும்புவர். புறப்படும் முன் எதிரி இனத்துடன் போருக்குச் செல்வதுபோல் முகத்தில் வண்ணம் பூசிச் சடங்குகள் செய்வர். லூயிஸ் இதனை அவர்களது ஆயுதங்களின் குறையாகவே எடுத்துக்கொண்டார். வில்லம்பும், வணிகர்கள் விற்ற மட்டமான துப்பாக்கிகளும் வைத்திருப்பவர்கள் அஞ்சுவது இயல்பு; நல்ல ரைபிளும் குறிதவறாக் கையும் உடையவர்களுக்கு இது அத்தனை அச்சம் தரும் விலங்கு அன்று என்பது அவர் முடிவு. ஏப்ரல் 29, 1805 அன்று முதல் கிரிஸ்லியை வீழ்த்திய பின்னும் இதே கருத்தை எழுதினார். அன்று காயமுற்ற கரடி அவரை எழுபது, எண்பது கஜத் தொலைவு துரத்தியது. பலத்த காயத்தால் அதன் வேகம் குறைந்ததனால் மீண்டும் குண்டு நிரப்ப நேரம் கிடைத்தது. அந்த மக்கள் கூட்டமாகச் சென்றதன் காரணம் அவருக்கு அப்போது விளங்கவில்லை.

மே 1805

அடுத்த இரு வாரங்கள் அம்முடிவை முற்றிலும் மாற்றின.

மே 5 அன்று கிளார்க்கும், குழுவின் சிறந்த வேட்டைக்காரரான ஜார்ஜ் துரூயாரும் பெரிய ஆண் கரடி ஒன்றைச் சுட்டனர். பத்துக் குண்டுகள் பாய்ந்தன. அவற்றுள் ஐந்து நுரையீரலைத் துளைத்தவை. அதன் பிறகும் அது பாதி ஆற்றை நீந்திக் கடந்து மணல் திட்டில் ஏறி, இருபது நிமிடம் உயிருடன் இருந்தது. மூக்கிலிருந்து பின்னங்கால் நுனிவரை அதன் நீளம் 8 அடி 7½ அங்குலம். எடை 500 பவுண்டு என்று கிளார்க்கும், 600 பவுண்டு என்று லூயிஸும் மதிப்பிட்டனர். இந்த விலங்கைப் பற்றித் தம் ஆட்களுக்கு இருந்த ஆவல் பெரும்பாலும் தணிந்துவிட்டதாக மறுநாள் குறிப்பில் லூயிஸ் சற்று நகைச்சுவையுடன் எழுதியுள்ளார்.

மே 11 அன்று கரையில் நடந்துவந்த வில்லியம் பிராட்டன் கூச்சலிட்டபடி படகை நோக்கி ஓடிவந்தார். அவர் நுரையீரலில் சுட்ட கரடி அவரை அரை மைல் துரத்தியிருந்தது. லூயிஸ் ஏழு பேருடன் குருதித் தடத்தைப் பின்பற்றிச் சென்றார். அக்கரடி துரத்தியதைப் போல் இருமடங்குத் தொலைவுக்கு மேல் திரும்பி நடந்து, நகங்களால் மண்ணில் இரண்டடி ஆழம் பள்ளம் தோண்டிப் படுத்திருந்தது. சுடப்பட்டு இரண்டு மணி நேரம் ஆகியும் அது சாகவில்லை. மண்டையில் பாய்ந்த இரு குண்டுகளே அதனைக் கொன்றன. மூளையைத் துளைக்கும் குண்டு மட்டுமே இதனை அடக்கும் என்று அன்று லூயிஸ் எழுதினார். ஆனால் நெற்றியின் இருபுறமும் தடித்த தசைகளும், நடுவில் துருத்திய கனத்த எலும்பும் இருப்பதால் அவ்விடத்தில் சுடுவது கடினம் என்பதையும் உடன் குறித்தார். கரடி ஒன்றைவிடப் போர்வீரர் இருவரை எதிர்ப்பதே மேல் என்று அவர் எழுதியதும் அன்றுதான்.

மே 14 அன்று நடந்தது இன்னும் தெளிவானது. திறந்த வெளியில் படுத்திருந்த ஒரு கரடியை நோக்கி வேட்டைக்காரர் அறுவர் திட்டமிட்டுச் சென்றனர். நாற்பது தப்படி அருகில் சென்று நால்வர் ஒரே நேரத்தில் சுட்டனர். இருவர் தம் குண்டுகளை இருப்பு வைத்திருந்தனர். நான்கு குண்டுகளும் பட்டன. கரடி வாயைத் திறந்துகொண்டு பாய்ந்தது. இருப்பு வைத்த இருவரும் சுட்டனர். ஒரு குண்டு தோள் எலும்பை முறித்தது. அதனால் அதன் வேகம் ஒரு கணமே தடைபட்டது. அறுவரும் ஆற்றை நோக்கி ஓடினர். இருவர் தோணியில் ஏறினர். மற்றவர்கள் புதர்களில் மறைந்து மாறிமாறிச் சுட, ஒவ்வொரு வெடியும் அவர்கள் இருப்பிடத்தைக் கரடிக்குக் காட்டிக்கொடுத்தது. இறுதியில் இருவர் துப்பாக்கிகளை எறிந்துவிட்டு இருபதடி உயரக் கரையிலிருந்து ஆற்றில் குதித்தனர். கரடியும் பின்னால் குதித்தது. கரையில் நின்ற ஒருவர் தலையில் சுட்டதனால் பின்தங்கியிருந்தவர் உயிர் தப்பினார். உடலை அறுத்துப் பார்த்தபோது எட்டுக் குண்டுகள் துளைத்திருந்தன.

நான்கு பேர் சுட, இருவர் இருப்பு வைப்பது என்பது மாண்டன் மக்களின் கூட்டு வேட்டை முறையிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று என்பது குறிப்பிடத்தக்கது.

பேரருவியில் தனியாக

ஜூன் 13, 1805 அன்று லூயிஸ் மிசௌரியின் பேரருவிகளை அடைந்தார். இன்றைய மொன்டானா மாநிலத்தின் கிரேட் பால்ஸ் நகரம் இங்கு உள்ளது. மறுநாள் மேலும் உள்ள அருவிகளைக் காணத் தனியாக நடந்தார். இரவு உணவுக்காக ஒரு காட்டெருதைச் சுட்டார். அதன் வாயிலும் மூக்கிலும் குருதி வழிவதைப் பார்த்து நின்றவர், துப்பாக்கியில் மறுபடி குண்டு நிரப்ப மறந்துவிட்டார். அதற்குள் ஒரு பெரிய கரடி ஓசையின்றி இருபது தப்படி தொலைவுக்கு வந்திருந்தது.

துப்பாக்கியை உயர்த்தியபோதுதான் அது காலி என்பது நினைவுக்கு வந்தது. முந்நூறு கஜத்துக்குள் மரமோ புதரோ இல்லை. அவர் வேகமாக நடக்கத் தொடங்க, கரடி வாயைத் திறந்துகொண்டு முழு வேகத்தில் வந்தது. எண்பது கஜம் ஓடியும் இடைவெளி குறைந்துகொண்டே இருந்தது. அப்போது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. தாம் நிற்கக்கூடிய, ஆனால் கரடி நீந்த வேண்டிய ஆழத்துக்குச் சென்றால் ஈட்டியால் ஓரளவு தற்காத்துக்கொள்ளலாம். ஆற்றில் இடுப்பளவு நீரில் இறங்கித் திரும்பி ஈட்டியை நீட்டினார். நீரோரம் வரை வந்த கரடி, இருபதடி தொலைவில் சட்டென்று திரும்பி ஓடிவிட்டது. ஏன் ஓடியது என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

கரையேறியவுடன் முதல் வேலையாகத் துப்பாக்கியை நிரப்பினார். இனி ஒருபோதும் சுட்ட துப்பாக்கியைக் காலியாக வைத்திருப்பதில்லை என உறுதி செய்துகொண்டதாக எழுதியுள்ளார். அதே நாளில் புலி போன்ற ஒரு விலங்கும், பின்னர் மூன்று காட்டெருதுகளும் அவரை எதிர்கொண்டன. மறுநாள் கண் விழித்தபோது சற்றுத் தொலைவில் ஒரு பெரிய சலங்கைப் பாம்பு கிடந்தது. அப்பகுதி விலங்குகள் அனைத்தும் தமக்கு எதிராகக் கூட்டுச் சேர்ந்துள்ளனவோ என்று அவர் எண்ணியதில் வியப்பில்லை.

அருவிகளைச் சுற்றிப் படகுகளைத் தரை வழியே கடத்திய வாரங்களில் கரடிகள் முகாமையே சுற்றிவந்தன. லூயிஸின் நாய் சீமன் இரவெல்லாம் குரைத்துக் காவல் காத்தது. ஆட்கள் துப்பாக்கியை அருகில் வைத்தே உறங்கினர். புதர்கள் வழியே எந்த வேலைக்கும் ஒருவரைத் தனியே அனுப்புவது சரியன்று என லூயிஸ் முடிவு செய்தார்.

பசிபிக் கரையும் திரும்புதலும்

ஆகஸ்ட் 1805 இல் லெம்ஹி கணவாய் வழியாக மலைத்தொடரைக் கடந்த குழு, குளிர்காலத்தைப் பசிபிக் கரையில் கிளாட்சாப் கோட்டையில் கழித்து மார்ச் 1806 இல் திரும்பியது. மே மாதத்தில் நெஸ் பெர்ஸ் மக்களிடையே தங்கியபோது, வெள்ளை, பழுப்பு, சாம்பல் எனப் பல நிறங்களில் கண்ட கரடிகள் அனைத்தும் ஒரே இனம் என்றும், கருங்கரடி வேறு இனம் என்றும் லூயிஸ் முடிவுக்கு வந்தார். இம்முடிவு சரியானது. பயணக் குறிப்புகளில் இருந்த விவரங்களைக் கொண்டு 1815 இல் ஜார்ஜ் ஓர்டு இதற்கு உர்சஸ் ஹாரிபிலிஸ் என்று அறிவியல் பெயரிட்டார். இன்று இது பழுப்புக் கரடியின் துணையினமாகக் கருதப்படுகிறது.

ஜூலை 15, 1806 அன்று குதிரையில் சென்ற ஹியூ மெக்நீல் புதரில் இருந்த கரடியைப் பத்தடி தொலைவில்தான் கண்டார். குதிரை மிரண்டு அவரைக் கீழே தள்ளியது. சுட நேரமில்லை, மஸ்கட்டைத் தடிபோல் வீசிக் கரடியின் தலையில் அடித்தார். துப்பாக்கி உடைந்தது, கரடி ஒரு கணம் தடுமாறி நின்ற இடைவெளியில் அவர் மரத்தில் ஏறிக்கொண்டார். மாலை வரை கரடி அடியிலேயே காத்திருந்தது.

அதே மாத இறுதியில் பிளாக்பீட் இனத்தவருடன் நேர்ந்த மோதலில் அவ்வினத்தவர் இருவர் சுடப்பட்டனர். ஆகஸ்ட் 11 அன்று லூயிஸே சுடப்பட்டார். தோலாடை அணிந்து புதரில் இருந்த அவரை எல்க் மான் என்று கருதிக் குருசாட் சுட்டுவிட்டார். குருசாட்டுக்கு ஒரு கண் தெரியாது, மற்றொன்றில் கிட்டப்பார்வை. குண்டு தொடையின் மேற்புறத்தில் பாய்ந்தது. அது படையினருக்கு வழங்கப்பட்ட ரைபிளின் குண்டு என்பதை அதன் அளவைக் கொண்டு லூயிஸ் கண்டறிந்தார். செப்டம்பர் 23, 1806 அன்று குழு செயின்ட் லூயிஸ் நகரை அடைந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீண்ட பயணத்தில் இறந்தவர் சார்ஜென்ட் சார்லஸ் பிளாய்டு ஒருவரே. அவரும் நோயினால் இறந்தார். கரடியால் ஒருவரும் இறக்கவில்லை.

இறுதிக் காலம்

1807 இல் லூயிஸ் லூசியானா ஆட்சிப்பகுதியின் ஆளுநராக நியமிக்கப்பட்டார். நிர்வாகப் பணி அவருக்கு ஒத்துவரவில்லை. அரசின் சார்பில் செய்த செலவுகள் சிலவற்றைப் போர்த்துறை ஏற்க மறுத்ததால் கடன் பெருகியது. கணக்குகளை நேரில் விளக்க வாஷிங்டன் நோக்கிச் சென்றபோது, டென்னசியில் நாச்செஸ் பாதையில் இருந்த ஒரு விடுதியில் அக்டோபர் 11, 1809 அன்று துப்பாக்கிக் காயங்களால் இறந்தார். அவருக்கு வயது 35. இது தற்கொலை என்பது பெரும்பாலான வரலாற்றாளர்களின் கருத்து. கொலை என்று கருதுவோரும் உள்ளனர். பயணக் குறிப்புகளை நூலாக்கும் பணி அவர் காலத்தில் நிறைவேறவில்லை. நிக்கோலஸ் பிடில் தொகுத்த பதிப்பு 1814 இல் வெளிவந்தது.

பின்னாளில்

அடுத்தடுத்துச் சுடும் ரைபிள்கள் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய பின் நிலைமை தலைகீழானது. லூயிஸ் கண்ட சமவெளிகளிலிருந்து கிரிஸ்லிகள் மறைந்தன. 1975 இல் அலாஸ்கா நீங்கலான மாநிலங்களில் இவை சட்டப் பாதுகாப்புக்கு உட்படுத்தப்பட்டன. இன்று அக்காடுகளில் நடப்போருக்கு அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை மிளகாய்ச் சாறு பீய்ச்சும் கரடித் தெளிப்பானைப் பரிந்துரைக்கிறது. அலாஸ்காவில் நிகழ்ந்த கரடித் தாக்குதல்களை ஆராய்ந்து 2012 இல் வெளியான ஆய்வொன்று, துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களும் பயன்படுத்தாதவர்களும் காயமுற்ற விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை எனக் கண்டது. தயார்நிலையில் இல்லாமை, சுட நேரமின்மை போன்றவை துப்பாக்கி பயனளிக்காததற்குரிய காரணங்களாகக் கூறப்பட்டன.

லூயிஸியா என்னும் தாவரப் பேரினமும், லூயிஸ் மரங்கொத்தியும் இவர் பெயரைத் தாங்கியுள்ளன. 1848 இல் டென்னசி மாநிலம் இவரது கல்லறையின்மேல் எழுப்பிய நினைவுச்சின்னம், இளமையில் முடிந்த வாழ்வைக் குறிக்கும் வகையில் உச்சி முறிந்த தூணாக அமைந்துள்ளது.